வளவும் முற்றமும்

சென்னையில் மனை வாங்குவோர் கிரவுண்டு என்று சொல்லுவது 2,400 சதுர அடி. யாழ்ப்பாணத்தில் பரப்பு என்று சொல்லுவது ஏறக்குறைய 2,722 சதுர அடி, அதாவது ஏக்கரில் 16-இல் ஒரு பங்கு. அளவில் இவ்விரண்டுக்கும் அதிக பேதமில்லை. ஆயினும் அரைக் கிரவுண்டு வாங்கிய சென்னைவாசி அதில் எத்தனை அறை எழுப்பலாம் என்று கணக்கிடத் தொடங்குகிறார். யாழ்ப்பாணத்தாரோ, நாலு பரப்பு வளவுக்குள், அதாவது வீட்டுக் காணிக்குள், வீட்டை எங்கே வைத்தால் மாமரத்துக்கும் கிணற்றுக்கும் இடைஞ்சல் இராது என்று யோசிக்கும் வழக்கத்திலே வளர்ந்தவர். வீட்டை அடுத்த திறந்த வெளியை உபயோகமும் இன்பமும் உள்ள ஸ்தலமாக்குவது எப்படி என்று இந்நாளில் பலரும் ஆவலோடு கேட்கின்றமையால், ஒரே வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் இவ்விரு பிரதேசத்தாரும் அந்த வெளியை எவ்விதம் நடத்தி வந்திருக்கிறார்கள் என்பதை, சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையை ஒரு பக்கத்திலும் யாழ்ப்பாணக் குடாநாட்டை மறுபக்கத்திலும் வைத்துப் பார்ப்பது பிரயோசனமுள்ள காரியமாகும்.

சிந்தாதிரிப்பேட்டையே ஒரு காலத்தில் தோட்டந்தான். கூவம் ஆறு வளைந்தோடிச் சூழ்ந்துகொண்ட அந்த நிலத்தில், கிழக்கிந்தியக் கும்பினியாரின் தலைமை வணிகராயிருந்த சுங்குராம செட்டியாரின் தோட்டம் இருந்தது. 1734-ஆம் ஆண்டில் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் அது கும்பினியின் வசமாகி, நூற்பவரும் நெய்பவரும் துணிக்குச் சாயமெழுதுபவரும் குடியேறிய பேட்டையாயிற்று. ஆதிகேசவப் பெருமாளும் ஆதிபுரீசுவரரும் கோயில்கொள்ள, தெருக்கள் நேர்நேராக அமைந்தன. அத்தெருக்களின் பழைய வீடுகள் தெருப்பக்கம் குறுகியும் உள்ளே நீண்டும் இருப்பவை. முன்னே திண்ணை, அதைக் கடந்தால் ரேழி, நடுவில் வானம் பார்த்த முற்றம், பின்னே அடுக்களையும் கிணறும், கிணற்றடியில் இடமிருந்தால் ஒரு வாழையும். பாவு நீட்டுவதற்கும் நூலுக்குக் கஞ்சியிட்டு உலர்த்துவதற்கும் வீட்டுக்குள் இடம் போதாதாகையால் நெசவாளர் தெருவில் தெருவே தொழிற்கூடமாவது எங்கும் உள்ள வழக்கம். ஆகவே இங்கே வெளி என்பது இரண்டாகப் பிரிந்து நின்றது: ஊரோடு பகிர்ந்துகொள்ளத் திண்ணையும் தெருவும், குடும்பத்துக்கு மட்டும் என்று முற்றம். தோட்டம் என்று தனியாக ஒன்று இல்லை. அதை அவர்கள் ஒரு குறையாக எண்ணியதாகவும் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்து வளவிலோ வீடு ஓர் அங்கம் மாத்திரமே. படலையைத் திறந்து உள்ளே போனால் பெருக்கிய மணல் முற்றம். அதன் ஒரு பக்கத்தில் கறுத்தக்கொழும்பானோ வெள்ளைக்கொழும்பானோ ஒரு மாமரம். குசினிப் பக்கத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் தேசியும். கிணற்றடியில், குளித்த தண்ணீரைக் குடித்து வளரும் வாழையும் கமுகும். எல்லையோரம் பனையும் தென்னையும். பூசைக்குச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும். இவையனைத்தையும் சூழ்ந்து நிற்பது வேலி. அந்த வேலியைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகியவற்றின் தடிகளைக் கதியாலாக நெருக்கி நட்டு, குறுக்கே வரிச்சு வைத்து, தென்னங்கிடுகாலோ பனையோலையாலோ அடைப்பார்கள். அடைப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். உள்ளே நிற்பவர் கயிறு கோத்த குத்தூசியை ஓலைக்கூடாகச் செலுத்த, வெளியே நிற்பவர் கயிற்றை வாங்கி வரிச்சைச் சுற்றித் திருப்பிக் கொடுக்க, சாண் சாணாக வேலி இறுகும். உக்கிப்போன பழைய ஓலை தோட்டத்துக்குப் பசளையாகும். மழைக்கு முன் வெட்டிய குழை ஆட்டுக்குத் தீனியாகும். தடி விறகாகும், அல்லது இன்னோர் எல்லையில் கதியாலாக நட்டால் துளிர்க்கும். சீமைக்கிளுவையைத் தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிரென்று இலங்கை அரசாங்கம் பிற்காலத்தில் அறிவித்தது. யாழ்ப்பாணத்து ஆட்டுக்கு அதன் அருமை தெரிவதற்கு எந்த அறிவிப்பும் வேண்டியிருக்கவில்லை.

இந்த ஒப்பீட்டில் என் மனத்தில் பதிந்தது ஒன்றே. வீட்டு வெளியில் இன்பம் நிலைப்பது, அங்கே செய்வதற்கு ஒரு காரியம் இருக்கும்வரையில்தான். யாழ்ப்பாணத்து வளவில் முற்றம் பெருக்கவும் வேலியடைக்கவும் ஆட்டைக் கட்டவும் தினந்தோறும் அங்கே ஆள் நடமாடுவதால், பின்னேரத்தில் மாமரத்தடியில் ஒரு சாய்மனைக் கதிரையைப் போடுவதற்குத் தனியாக ஒரு திட்டமும் வேண்டியதில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் நேர்ந்தது இதற்கு மாறானது. தறிகள் போயின, வீடுகள் பாகம் பிரிந்து போர்ஷன்களாயின, வடாம் பிழிந்து காயவைக்கும் வேலையும் அம்மி அரைக்கும் வேலையும் நின்றபின், மழைச்சாரல் மட்டும் ஏன் உள்ளே வரவேண்டும் என்று முற்றத்துக்கு முதலில் கம்பி வலையும் பிறகு கூரையும் போட்டார்கள். திண்ணையை இடித்த இடத்தில் ஸ்கூட்டர் நிற்கிறது. கொல்லைப்புறம் முழுவதும் சிமெண்டு. மண்ணில் இறங்க வழியற்ற மழைநீர் தெருவுக்கு ஓடியதால், 2003-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்காரர் காசு கொடுத்துச் சிமெண்டு போட்டு, பின்பு காசு கொடுத்தே அதில் துளையிட்டார்.

இப்படிச் சொல்லுவதால் யாழ்ப்பாணத்து வளவைக் குற்றமற்றதென்று கொண்டாடுவதாக எண்ணலாகாது. ஆறென்று சொல்லத்தக்கது அங்கே மழைக்காலத்து வழுக்கியாறு ஒன்றே. மற்றபடி எல்லாம் சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் தங்கும் கிணற்றுநீர். பரப்பு குறுகக் குறுகக் கிணறும் மலக்குழியும் நெருங்கிவர, தோட்டத்து உரமும் கசிந்து சேர, அந்த நீரில் நைட்ரேட் மிகுந்திருக்கிறது. மேலும் வேலி மனிதரைப் பிரிக்கவும் செய்யும். ஒரு முழம் எல்லைக்காகக் கோர்ட்டுக்குப் போன குடும்பங்களைப் பற்றிய கதைகள் அங்கே எண்ணிலடங்கா. காணியை விற்க முற்படுபவர் பங்காளிக்கு முதலில் தெரிவிக்க வேண்டுமென்று தேசவழமைச் சட்டம் விதிக்கிறதென்றால், நிலத்தின்மேல் அவர்களுக்கு உள்ள பற்று எத்தகையது என்பது விளங்கும். சங்கடப்படலை என்று வழிப்போக்கர் ஒதுங்குவதற்குக் கூரையிட்ட வாயிலை வைத்தவர்களும் அவர்களேயாயினும், முன்பின் அறியாத எவரும் மத்தியானத்தில் துண்டை விரித்துப் படுக்கக்கூடிய நமது பழைய திண்ணைக்கு அது ஈடாகாது.

ஆனால் பெண்கள் வேலியிலும் ஒரு வழி கண்டிருந்தார்கள். ஓலையை விலக்கி ஆள் நுழையுமளவுக்கு விட்ட இடைவெளிக்குப் பொட்டு என்று பெயர். “மச்சாள், ரெண்டு நெட்டுக் கறிவேப்பிலை தாங்கோ” என்ற குரலும், ஒரு சுண்டு அரிசியும், ஊர்ச் சமாசாரமும் அதன் வழியாகவே போய் வந்தன. 1995 அக்டோபர் இறுதியில், யுத்தத்தினால், குடாநாட்டின் வலிகாமத்து ஜனங்கள் ஒரே இரவில் வளவுகளை விட்டுப் புறப்பட நேர்ந்தது. திரும்பி வந்தவர்கள் வேலி இருந்த இடத்தில் பற்றைக்காட்டைக் கண்டார்கள். யுத்தம் முடிந்தபின், வெளிநாட்டுப் பிள்ளைகளின் பணத்தில் பல வளவுகளுக்கு மதில் எழும்பியது. மதிலில் பொட்டு வைக்க இயலாது. அது ஆட்டுக்குக் குழையும் தராது. முற்றத்துக்குச் சிமெண்டுக் கல் பதிக்கும் மோகமும் அங்கே பரவி வருவதைப் பார்க்கும்போது, நாம் வருந்துவதை அவர்கள் விலைகொடுத்து வாங்குகிறார்கள் என்றே தோன்றுகிறது. வளவின் அருமை 2022-இன் பொருளாதார நெருக்கடியில் நினைவுக்கு வர, இலங்கை அரசாங்கம், உத்தியோகஸ்தர்களுக்கு வெள்ளிக்கிழமையில் விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யும்படி சொல்லிற்று. மண்வெட்டி பிடித்திராத குமாஸ்தா வாரத்தில் ஒரு நாளில் எவ்வளவு விளைத்திருப்பார் என்பது வேறு விஷயம்.

இந்தச் சிமெண்டு மோகத்துக்கு மாறாக, கொழும்பில் ஜெஃப்ரி பாவா என்னும் கட்டடக் கலைஞர் நடுமுற்றத்தை நவீன வீட்டுக்குள் மீட்டுக் கொண்டுவந்தார். சிந்தாதிரிப்பேட்டைக்குச் சமீபத்தில் உள்ள கன்னிமாரா ஹோட்டலையும் 1970-களில் அவரே புதுப்பித்தார். அந்த அழகு பணமுள்ளவர்க்கு எட்டும். போர்ஷன் வீட்டுக்காரருக்கு எட்டுவது மொட்டை மாடிதான். அங்கே தென்னை நார்க்கழிவும் தொழு உரமும் செம்மண்ணும் கலந்து குரோ பேக்கில் நிரப்பிக் கத்தரியும் வெண்டையும் கீரையும் வளர்ப்போர் இன்று பலர். ஒரே ஒரு எச்சரிக்கை: தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்ட மெட்ராஸ் டெரஸ் வீடானால், நீர் ஏறிய மண்ணின் பாரத்தை நடுத்தளத்தில் வைக்கக்கூடாது, பைகளைச் சுவரின் தலைக்கு நேராக ஓரமாகவே வரிசைப்படுத்த வேண்டும்.

கொல்லையில் இன்னும் கொஞ்சம் இடம் உள்ளவர்கள், பக்கச் சுவரோரம் இரண்டடி அகலத்துக்குச் சிமெண்டை உடைத்தெடுத்து, அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் அதில் இறங்கும்படி ஒரு வாய்க்காலை வெட்டினால், கிணற்றடி வாழை அங்கே தானாக வந்துவிடும். கொங்குநாட்டுக் காடுகளில் கிளுவை வேலி இன்றும் இருக்கிறதாகையால், கதியால் முறையும் நமக்கு அந்நியமன்று. முருங்கைப் போத்து நடலாமா என்றால், கார்த்திகை மாதத்துக் கம்பளிப்பூச்சியை நினைத்துப் பக்கத்துப் போர்ஷன்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் பொதுச்சுவர் ஓரத்தில் கறிவேப்பிலையை வைத்து, முருங்கையைக் கிணற்றுக்கு அப்பால் தள்ளி நட்டு, ஆண்டுதோறும் மழைக்கு முன் அதை இடுப்பளவுக்கு வெட்டிவிடுவதே உசிதம்.