நந்தன் எரிந்த பிறகு உள்ளே போனது யார்?

மனிதன் தெய்வமாக முடியுமா என்று கேட்டால் நம்ம நாட்டுச் சமயங்கள் ஒன்றும் தயங்குவதில்லை. ‘முடியும்’ என்றுதான் சொல்கின்றன. நானே பிரம்மம் என்று ஒன்று சொல்லும். அடியவன் ஆண்டவனோடு இரண்டறக் கலக்கலாம் என்று இன்னொன்று சொல்லும். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படித் தெய்வமாவதற்கு யாருடைய உடம்பு என்ன விலை கொடுத்தது என்று கணக்குக் கேட்டால் பதில் வேறு மாதிரி வருகிறது. அந்தக் கணக்கைப் பார்க்க நமக்கு இருக்கிற முக்கியமான பிரதி பெரியபுராணத்தின் திருநாளைப்போவார் புராணம், அதாவது நந்தன் கதை.

நந்தன் கதையை எரிப்பில் தொடங்கி எரிப்பிலேயே முடித்துவிடுவது நம்மிடம் ஒரு வழக்கமாகிவிட்டது. தீட்சிதர்கள் கொன்றுவிட்டு ஜோதியில் கலந்தான் என்று கதை கட்டினார்கள் என்கிறோம். அப்படி நடந்திருக்கலாம். ஆனால் கொலைக்குச் சாட்சி தேடி நாம் அலைய வேண்டியதில்லை. பிரதி தானே வாக்குமூலம் கொடுக்கிறது. அதை நிதானமாக வாசித்தால் போதும்.

முதலில் கதை வளர்ந்த விதம். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் நந்தனுக்குக் கொடுத்தது ஒரு பெயர், ஒரு வணக்கம், அவ்வளவுதான். சாதி இல்லை, ஊர் இல்லை, தீ இல்லை. அடுத்து வந்த நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டு கொடுக்கிறார். அதில் ஆதனூர் வருகிறது. புலைத்தன்மை நீங்கி அவன் முனிவனான செய்தியும், தில்லை மூவாயிரவர் கைகூப்பிய செய்தியும் வருகின்றன. அங்கேயும் தீ இல்லை. 12ஆம் நூற்றாண்டில் சோழனின் அமைச்சராக இருந்த சேக்கிழார் வருகிறார். கதை 37 பாட்டாக விரிகிறது. நாம் இன்று அறிந்த தீக்குழி இந்தப் பிரதியில்தான் வெட்டப்படுகிறது. வெறும் பெயராக இருந்தவனுக்குச் சாதி வந்தது. சாதி வந்த பிறகு அதை நீக்க வழி வேண்டியிருந்தது. கடைசியில் அந்த வழியாகத் தீ வந்தது. இந்த வரிசை தற்செயலானதல்ல. சேக்கிழாருக்கு முந்திய ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே தீண்டாச்சேரியும் பறைச்சேரியும் தனியாகக் குறிக்கப்பட்டுவிட்டன. ஊர் அப்படிப் பிரிந்து கிடந்த காலத்தில் ஒரு புலையனை எப்படிக் கோயிலுக்குள் விடுவது என்பது பக்திப் பிரச்சினை மட்டும் அல்ல, நிர்வாகப் பிரச்சினையும்தான்.

இரண்டாவது, சேக்கிழார் காட்டும் சேரி. எனக்கு எம்.ஏ. வகுப்பில் இந்தப் புராணம் பாடம். நடத்தியவர் சேரி வருணனைப் பாட்டுகளைப் ‘பரீட்சைக்கு வராது’ என்று தாண்டிப் போனார். நம்மைப் பொறுத்தவரை அந்தப் பாட்டுகள்தான் பரீட்சை. முற்றத்தில் தோல் வார் கிடக்கிறது. கோழியும் குஞ்சுமாகத் திரிகிறது. இரும்புச் சரி போட்ட கறுத்த பிள்ளைகள் விளையாடுகின்றன. மருத மர நிழலில் உழத்தி ஒருத்தி சின்னத் தோலை விரித்துப் பிள்ளையைத் தூங்க வைக்கிறாள். மாமரத்தில் பறை தொங்குகிறது. ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் பிறந்த யாருக்கும் இது இலக்கியம் என்றே தோன்றாது. தோல் இங்கே தீட்டுப் பொருள் இல்லை. பிள்ளைக்கு அதுதான் பாய்.

நந்தன் செய்த தொண்டு என்ன? ஊர் விட்ட பறைத்துடவை நிலத்தில் சாப்பாடு. கோயில் பேரிகைக்குத் தோல், கட்டுவதற்கு வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, அர்ச்சனைக்குக் கோரோசனை. எல்லாம் செத்த மாட்டிலிருந்தும் மாட்டின் உடம்பிலிருந்தும் வருபவை. அத்தனையும் கோயிலுக்குள் போயின. தீட்சிதர் காது கேட்ட பேரிகை நந்தன் உரித்த தோல். நடராசனின் ஆட்டத்துக்கு இசைந்த நரம்பு நந்தன் முறுக்கியது. தோல் உள்ளே போகலாம், தோலை உரித்த கை போகக் கூடாது. பதப்பட்ட பிறகு தோலுக்குத் தீட்டு இல்லை, பதப்படுத்தியவனுக்கு மட்டும் தீட்டு. எங்கள் பக்கத்து டேனரிகளில் இன்றும் நடப்பது இதுதானே? சுண்ணாம்புக் குழியில் ஊறி, மயிர் போய், சவ்வு போய், டிரம்மில் சுழன்று, மெருகேறிய தோல் ஷூவாகி ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறுகிறது. அதை யாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாங்குவதில்லை. 2015 ஜனவரி கடைசி நாளில் ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகளை அந்தச் சேறு மூழ்கடித்ததே, அந்த உடம்புகள் எந்த நாட்டுக் கடையிலும் தெரிவதில்லை.

மூன்றாவது, தீ. தன் பிறவி தடையாக இருக்கிறதே என்று நந்தன் தில்லை எல்லையைச் சுற்றிச் சுற்றி வருகிறான். இறைவன் கனவில் வருகிறான். வந்தவன் ‘எனக்கு எந்தத் தடையும் இல்லை, வா’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்தப் பிறவி போகத் தீயில் மூழ்கி வா என்கிறான். தில்லைவாழ் அந்தணர்களிடம் போய்த் தீ மூட்டவும் சொல்கிறான். அதாவது உடம்பு தடை என்பதைச் சேக்கிழாரின் சிவனே ஒத்துக்கொள்கிறான். தீயிலிருந்து வெளியே வருவது பூணூலும் சடைமுடியுமாக ஒரு முனிவர். இப்போது நாம் கேட்க வேண்டியது இதுதான்: உள்ளே போனது யார்? தோல் உரித்தவன் போகவில்லை. பறைத்துடவையில் சாப்பிட்டவன் போகவில்லை. அவன் சாம்பலாகிவிட்டான். ஒரு பார்ப்பனர் கோயிலுக்குள் போனார். இதில் என்ன அதிசயம் இருக்கிறது? தினமும் நடப்பதுதானே!

‘அன்பு இருந்தால் போதும், சாதி பார்ப்பதில்லை சிவன்’ என்று சைவ நண்பர்கள் கண்ணப்பரைக் காட்டுவார்கள். அந்த ஒப்பீட்டை நாமே செய்து பார்ப்போம். கண்ணப்பர் வேடர். வாயிலிருந்த தண்ணீரை லிங்கத்தின் மேல் உமிழ்கிறார். கடித்துப் பார்த்த கறியைப் படைக்கிறார். செருப்புக் காலைச் சாமி தலையில் வைக்கிறார். ஆறே நாளில் சிவன் அவர் கையைப் பிடித்துத் தன் வலப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறான். தீக்குழி இல்லை, பூணூல் இல்லை. ஏன் இந்த வித்தியாசம்? காட்டு வேடன் ஊருக்குள் எந்த உரிமையும் கேட்டு வரவில்லை. அவன் யாருடைய வயலிலும் கூலி இல்லை. அவனை ஏற்றுக்கொண்டால் மறுநாள் காலையில் சேரி முழுக்கக் கோயில் வாசலுக்கு வந்து நிற்காது. நந்தனை ஏற்றுக்கொண்டால் நிற்கும். தீ எரித்தது ஒரு பக்தனின் பாவத்தை அல்ல, பின்னாலேயே வரக்கூடிய ஒரு கூட்டத்தின் முன்னுதாரணத்தை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தெய்வத்தன்மை பெற்ற நம்ம ஆட்கள் யாரும் திரும்பி வருவதில்லை. நந்தன் கருவறைக்கு முன்னே மறைந்துபோகிறான். திருப்பாணாழ்வாரை முனிவர் தோளில் தூக்கிப் போகிறார். அவரும் அரங்கனுக்குள் மறைந்துபோகிறார். மராட்டியத்தில் மகார் சாதியில் பிறந்த சொக்கமேளர் மங்கள்வேடாவில் சுவர் இடிந்து செத்தார். அவர் சமாதி பண்டரிபுரம் கோயில் படிக்குக் கீழே. செருப்புத் தைத்த ரவிதாசர் தன் நெஞ்சைக் கிழித்து உள்ளே இருந்த பூணூலைக் காட்டினார் என்று அவர் பேரில் கதை உண்டு. நந்தனுக்கு நெருப்புக்குப் பின்னால் பூணூல், ரவிதாசருக்குத் தோலுக்கு அடியில் பூணூல். நாம் நாமாக இருந்துகொண்டு தெய்வமான கதை ஒன்றைக்கூட இந்தப் பக்திப் பிரதிகள் சொல்லவில்லை.

அறுபத்துமூவர் வரிசையில் நந்தன் சிலை நிற்கிறதே என்பார்கள். நிற்கிறது. 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வரும்வரை பல கோயில்களில் அந்தச் சிலையைப் பார்க்க நந்தனின் சனங்களுக்கு வழி இல்லை. கல்லான நந்தன் உள்ளே, மனிதரான நந்தன்கள் வெளியே. நாம் தொட்டால் போய்விடும் அளவுக்குப் பலவீனமானது அவர்களுடைய தெய்வத்தன்மை. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அர்ச்சகர் பதவியின் வாரிசு உரிமையை ஒழித்தது சரி என்றது. ஆனால் ஆகமம் அனுமதிக்காதவர் தொட்டால் விக்கிரகம் தீட்டாகும் என்ற நம்பிக்கையைக் காப்பாற்றியும் வைத்தது. அனைத்துச் சாதியினரில் பயிற்சி பெற்றவர்கள் பலர் ஒன்றாக அர்ச்சகர்களாக நியமன ஆணை வாங்க 2021 ஆகிவிட்டது. சிதம்பரத்தில் நந்தன் நுழைந்த வழி என்று மக்கள் நம்பும் தெற்கு வாசலை மறைத்த சுவரை அகற்றச் சொல்லி 2010இல்கூடத் தீண்டாமை ஒழிப்பு முன்னணி போராட வேண்டியிருந்தது.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரம் பாடினார். வேதியர் பண்ணையாரைக் கொண்டுவந்து வைத்து நந்தனைப் பண்ணையாளாகக் காட்டியது அவர்தான். அந்த வகையில் அவர் உண்மைக்குப் பக்கத்தில் வருகிறார். ஆனால் அவருடைய நந்தன் சேரிக்குள் சிவபக்தியைக் கொண்டுபோகும்போது சேரியின் சொந்தச் சாமிகளை விட்டுவிடச் சொல்கிறான். ஆக, தெய்வமாவதற்கு முன்னால் உடம்பை விட வேண்டும், உடம்பை விடுவதற்கு முன்னால் சாமியை விட வேண்டும்.

அப்படி விடச் சொன்ன சாமிகள் பக்கம் திரும்பினால் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. குடியாத்தத்தில் வைகாசி பிறந்ததும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தகப்பன் சொன்னான் என்று பரசுராமன் தாய் ரேணுகையை வெட்ட வருகிறான். ஓடி வந்தவளைச் சேரிப் பெண் ஒருத்தி கட்டிப்பிடித்துக் காப்பாற்றப் பார்க்கிறாள். இரண்டு தலையும் விழுகிறது. உயிர் கொடுக்கும்போது தலை மாறிப்போகிறது. ரேணுகையின் தலையும் சண்டாளச்சியின் உடம்பும் சேர்ந்ததுதான் அம்மன். திருவிழாவில் சிரசு ஊர்வலமாக வந்து கோயிலில் அந்த உடம்பில்தான் பொருத்தப்படுகிறது. பார்ப்பனத் தலை சேரி உடம்பில் உட்காராமல் அங்கே தெய்வம் இல்லை.

இதை வைத்து ‘பார்த்தீர்களா சமத்துவம்’ என்று நாம் குதிக்க வேண்டாம். தலை மேல் சாதி, உடம்பு கீழ்ச்சாதி என்பது புருஷ சூக்தத்தின் பழைய கணக்குதான். திருவிழாவுக்குப் பெயரே சிரசின் பெயர். அடைக்கலம் கொடுத்ததற்காக வெட்டுப்பட்ட அந்தப் பெண்ணுக்குக் கதையில் பெயர்கூட இல்லை. அவள் தலை எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. சில ஊர்களில், அந்தத் தலை ரேணுகையின் உடம்பில் சேர்ந்து எல்லம்மாவானது என்கிறார்கள். இருந்தாலும் நந்தன் கதைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே உடம்பு எரிந்தால்தான் தெய்வம், இங்கே உடம்பு இருந்தால்தான் தெய்வம். திருவிழாவுக்கு வந்த ஒரு கிழவி இதை இப்படிச் சொன்னாள்: ‘தல அவங்களுது, ஒடம்பு நம்மளுது. வெறுந் தலைய வச்சிகினு என்னா பண்ணுவாங்க?’ முனைவர் பட்ட ஆய்வுகள் சுற்றி வளைப்பதை அவள் ஒரே மூச்சில் முடித்துவிட்டாள்.

உடம்போடு தெய்வமாவது நடக்காத காரியமும் இல்லை. தெற்கே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) தன்னையே நாராயணன் என்று அறிவித்தார். திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறையில் போட்டது. அவர் சனங்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்று கும்பிட்டார்கள், தலைப்பாகை கட்டியே கும்பிட்டார்கள். தலைப்பாகை மறுக்கப்பட்ட காலம் அது. எரித்துவிட்டு உள்ளே வா என்பதற்கும், கண்ணாடியைப் பார், நீ கும்பிடுவது அங்கே தெரிகிறது என்பதற்கும் எவ்வளவு தூரம்!

அம்பேத்கர் இதையும் தாண்டினார். 1948இல் தீண்டப்படாதவர் யார் என்று ஆராய்ந்த நூலை நந்தனார், ரவிதாசர், சொக்கமேளர் மூவர் நினைவுக்கும்தான் காணிக்கையாக்கினார். அவர்களைத் தூக்கி எறியவில்லை. ஆனால் 1956இல் அவர் நம்மைக் கூட்டிப்போன இடம் கடவுளாகாத ஒரு மனிதனிடம். புத்தர் வழிகாட்டி, மோட்சம் கொடுப்பவர் அல்ல, அவதாரமும் அல்ல என்பதில் அவர் கறாராக இருந்தார். இன்றைக்கு அவர் படத்துக்கே கற்பூரம் காட்டத் தொடங்கியிருக்கிறோம். தோழர்கள் இதை யோசிக்க வேண்டும். தெய்வமாக்கப்பட்ட நம்ம ஆள் ஒவ்வொருவரும் நம் கையை விட்டுப் போயிருக்கிறார் என்பதுதான் மேலே பார்த்த கதைகளின் படிப்பினை.

அப்படியானால் நந்தனை என்ன செய்வது? குருபூசை நடத்துவதா, கைவிடுவதா? எங்கள் பழைய வட ஆற்காடு மாவட்டம் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. ஆரணிக்குப் பக்கத்தில் மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்த சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்துக்குப் போனார். அவர் காவி கட்டியவர், நந்தனின் தெய்வத்தன்மையை நம்பியவர். அதில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. ஆனால் நந்தனுக்குத் தீ மூட்டியதாகக் கதை சொல்லும் அதே ஊரில் 1916இல் அவர் நந்தன் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். சேரிப் பிள்ளைகள் அந்த வாசலில் நுழைய எதையும் எரிக்க வேண்டியிருக்கவில்லை. தோல் உரித்த அப்பன் பெயரோடு உள்ளே போனார்கள், அதே பெயரோடு படித்துவிட்டு வெளியே வந்தார்கள். கோயிலுக்குள் போன நந்தன் திரும்பி வந்ததாகச் சேக்கிழார் எழுதவில்லை. இந்த நந்தன்கள் வந்தார்கள். நமக்கு வேண்டியவர்கள் இவர்கள்தான்.