சேத்துப்பட்டு ஆய்வு சொல்லாமல் விட்டது

1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வை எல்லோரும் ஒரே மாதிரிதான் மேற்கோள் காட்டுகிறார்கள். 193 நோயாளிகள். ஒரு பாதிக்கு வீட்டிலேயே மருந்து, மறு பாதிக்கு சானடோரியம். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. குடும்பத்தாரை 5 ஆண்டுகள் கவனித்ததில், வீட்டில் மருந்து சாப்பிட்டவரோடு இருந்தவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. "சானடோரியம் தேவையில்லை" என்று உலகமே ஒத்துக்கொண்டது. நல்ல முடிவுதான், சந்தேகமே இல்லை.

ஆனா இதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு. நோயாளியைப் பிரித்து வைத்தும் வீட்டாருக்குப் பெரிய பலன் இல்லை என்றால் என்ன அர்த்தம்? தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கும் முன்பே தொற்றிவிட்டது. அப்போ தொடர்பில் இருந்தவர்களைத் தேடுவது பின்னோக்கிப் போகணும்: இருமல் ஆரம்பித்த மாதங்களில் அவர் எங்கே, யாரோடு இருந்தார்?

சேத்துப்பட்டு ஆய்வு வீட்டைத் தாண்டிப் பார்க்கவில்லை. அதன் கேள்வி அது இல்லை, குறை சொல்ல மாட்டேன். என் குறை, அதற்குப் பிறகும் நாம் வீட்டு வாசலிலேயே நிற்பதுதான். நோய் மிகுந்த கேப் டவுன் பகுதியில் கிருமியின் மரபணு ரேகையை ஒப்பிட்டு 2004இல் வெளியான ஆய்வில், வீட்டுக்குள் நடந்த பரவல் 19 சதவீதம்தான். அந்த எண்ணை அப்படியே நம்மூருக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் யோசிக்க வைக்குது.

என் பெரியப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். நோய் தெரிந்ததும் வந்த சுகாதாரப் பணியாளர் கேட்டது ஒன்றுதான்: "வீட்ல எத்தனை பேரு?" நாலு பேர். நாலு பேரையும் பரிசோதித்தார்கள். எட்டு மாதம் கழித்து, பக்கத்து மெஷினில் நின்றவருக்கும் காசநோய். பெரியப்பாவிடமிருந்துதான் வந்தது என்று சொல்ல முடியாது. அவரைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை என்று மட்டும் சொல்லலாம்.

கேட்டிருந்தாலும் பெரியப்பா வாயைத் திறந்திருக்க மாட்டார். வேலை போயிடும். இதுதான் உண்மையான சிக்கல். அதனால் ஆட்களின் பெயரைக் கேட்பதைவிட இடத்தைக் கேட்பது மேல். யார் நோயாளி என்று சொல்லாமல் பட்டறையில் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுக்கலாம். செலவு கூடும்தான். அந்தச் செலவைத் தவிர்த்துவிட்டு, "தொடர்பில் இருந்த அனைவரும் பரிசோதிக்கப்பட்டனர்" என்று எழுதுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.