முட்டி தேய்ந்த துணி

பிள்ளை வளர்ந்துவிட்டால் அதன் சட்டைக்கு நம் வீடுகளில் ஒரு வழி உண்டு. அடுத்த பிள்ளைக்குப் போகும், தங்கை வீட்டுக்குப் போகும், நைந்த பிறகு வண்டி துடைக்கப் போகும். முதல் பிறந்தநாள் கவுன் மட்டும் பீரோவின் அடித்தட்டில் தங்கிவிடும். அமெரிக்காவில் அந்த அடித்தட்டு ஒரு பெரிய பெட்டி. மூன்று மாதம், ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று அளவு மாற மாற உடுப்பு சேர்ந்துகொண்டே போகிறது. சில உடுப்புகள் நாலைந்து தடவைக்கு மேல் உடம்பில் ஏறியிருக்காது. அவற்றைச் சேர்த்து வைத்து, சில வருஷம் கழித்து வெட்டி, ஒட்டுப்போர்வையாகத் தைத்துக்கொள்வது அங்கே வேரூன்றிய கைவேலை. மெமரி குயில்ட் என்பார்கள். தாய் தைப்பாள், பாட்டி தைப்பாள். பெட்டியை அனுப்பிவைத்தால் கூலிக்குத் தைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

இவற்றில் பல பார்க்க லட்சணமாக இருக்கும். பார்த்து முடித்ததும் மறந்துபோகும். சில போர்வைகள் மட்டும் யாருடைய குழந்தை என்று தெரியாதவரையும் நிறுத்திவைக்கும். இரண்டுக்கும் துணி ஒன்றுதான், உழைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் கத்தரி வைத்த இடத்தில் இருக்கிறது.

சுலபமான வழி இது. ஒவ்வொரு சட்டையின் வயிற்றுப் பகுதியிலிருந்தும் ஆறரை அங்குலச் சதுரம் ஒன்று வெட்டுவது. தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் போக ஆறு அங்குலம் மிஞ்சும். அகலத்துக்கு ஆறு, நீளத்துக்கு ஏழு என்று 42 சதுரங்களை இணைத்தால் 36க்கு 42 அங்குலத்தில் குழந்தைக் கட்டிலுக்குப் பொருத்தமான போர்வை வந்துவிடும். கணக்கு நேர். ஆனால் வயிற்றுப் பகுதியில் இருப்பது அச்சடித்த யானையும் வாத்தும்தான். அந்த யானை ஆயிரம் குழந்தைகளின் சட்டையில் இருந்தது. கடையில் மீட்டர் கணக்கில்கூடக் கிடைத்திருக்கும். இந்த ஒரு குழந்தைக்கு மட்டும் உரியவை தரையில் விழுந்த வெட்டுத் துணியோடு கூட்டித் தள்ளப்பட்டிருக்கும்: கழுத்து, கைமுனை, முட்டி.

தேர்ந்த கை அங்கேதான் நிதானிக்கும். அமெரிக்கக் கைக்குழந்தைகள் போடும் ஒன்சியை எடுத்துக்கொள்ளுங்கள். காலிடுக்கில் பிரஸ் பட்டன் வைத்த பனியன் அது. தோளில் முன்பக்கத் துணியும் பின்பக்கத் துணியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிந்திருக்கும். அது அலங்காரம் அல்ல. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலைதான். அந்தத் தலை நுழையக் கழுத்து நன்றாக விரியவேண்டும், நுழைந்ததும் தோளில் ஒட்டி நிற்கவும் வேண்டும். குழந்தை உடுப்போடு அசிங்கம் பண்ணிவிட்டால் தலைவழியாக இழுக்காமல் தோளிலிருந்து கீழே வழித்து உருவிவிடலாம் என்பது இன்னொரு வசதி. அந்தத் தோள் மடிப்பைப் பிரிக்காமல், மேலே படியவைத்துத் தைத்து, ஒரு கட்டம் முழுவதையும் அதற்கே கொடுத்திருந்தால், பார்ப்பவருக்குக் குழந்தையின் தலையும் தோளும் எத்தனை பெரியவை என்று உடனே விளங்கிவிடும். யானைப் படம் அதைச் சொல்லாது.

தவழும் பருவத்துக் கால்சட்டையும் அப்படித்தான். முட்டியில் நூல் எழும்பிப் பொரிப் பொரியாக நின்றிருக்கும். சுற்றியிருக்கும் நிறத்தைவிட அந்த இடம் ஒரு படி வெளுத்திருக்கும். ‘பழசு’ என்று ஒதுக்காமல் அந்த வட்டத்தைச் சரியாக நடுவில் கொண்டுவந்து வெட்டத் தெரிந்தவர் கலைஞர். கறை விஷயத்தில் அங்கே இரண்டு கட்சி உண்டு. வெள்ளையாகத் துவைத்து எடுத்துவைத்த சட்டையில் சில வருஷம் கழித்துப் பாலின் கறை மஞ்சளாக மேலெழும்பும். ஊறவைத்துப் போக்கிவிடு என்பது ஒரு கட்சி, அப்படியே விடு என்பது இன்னொன்று. நன்றாகத் துவைத்த பிறகும் போகாதது இருக்கட்டும் என்பது என் கட்சி. பால் பிசுக்கை வைத்துக்கொண்டே தைத்தால் துணிக்கு ஆயுள் குறையும். துவைத்தும் நின்ற மஞ்சளுக்கு அங்கே இருக்க உரிமை உண்டு.

இனி துணியின் குணம். குழந்தை உடுப்பில் பெரும்பகுதி பனியன் துணி. அதில் சில திருப்பூரில் பின்னப்பட்டு, அங்கேயே ஓவர்லாக் அடித்து, கப்பலேறிப் போனவைதான். பனியன் துணி இழுத்த பக்கம் வரும். வெட்டியதும் ஓரம் சுருண்டுகொள்ளும். சதுரமாக வெட்டினாலும் தைக்கும்போது சாய்சதுரமாகிவிடும். அதனால் பின்பக்கம் மெல்லிய கேன்வாஸை வைத்து இஸ்திரி போட்டு ஒட்டி, துணி அடங்கிய பிறகுதான் வெட்டவேண்டும். வரிசையை மாற்றினால் அளவு நிற்காது. குளிர்காலத்து பாலியெஸ்டர் உடுப்புகளில் சூடான இஸ்திரி வைத்தால் துணி உருகிவிடும். அவற்றுக்கு மிதமான சூடு, மேலே ஒரு ஈரத்துணி. ஜீன்ஸ் துண்டுக்குப் பக்கத்தில் மல் துணித் துண்டு வந்தால் கனமானது மெல்லியதை இழுத்துக் கிழிக்கும். அங்கேயும் கேன்வாஸ்தான் சமரசம் செய்யும். இந்த வேலை எதுவும் வெளியே தெரியாது. பத்து வருஷம் துவைத்த பிறகும் கட்டங்கள் கட்டங்களாகவே இருந்தால் உள்ளே யாரோ ஒழுங்காக வேலை செய்திருக்கிறார் என்று பொருள்.

உடுப்பிலிருந்து உடம்பைக் காட்டும் வித்தைக்கு உரைகல் என்று நான் நினைப்பது குழந்தைப் போர்வை அல்ல, ஒரு உழவனின் போர்வை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று பக்கம் சூழ்ந்த ஊர் ஜீஸ் பெண்ட். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பினக் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. தோட்ட முதலாளியின் பெட்வே என்ற பெயரே பலருக்குக் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. 1942இல் மிஸூரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவனின் வேலை உடுப்புகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். அவனை மறக்காமல் இருக்கவும், அதன் அடியில் படுத்துக்கொள்ளவும் அம்மா அதைச் செய்தார் என்று கூட இருந்த மகள் அர்லோன்சியா பிற்பாடு சொன்னார். வெயிலிலும் துவைப்பிலும் வெளிறிய துணிகள். நீண்ட பட்டைகளும் கட்டங்களுமாக, அளவுகோலுக்குக் கட்டுப்படாத அமைப்பு. அந்த ஊரின் வேலையுடுப்புப் போர்வைகளில் பையைப் பிரித்தெடுத்த இடம் வெளுக்காமல் கருநீலமாக நிற்பதைக் காணலாம். பை போய்விட்டது, பை இருந்த இடம் இருக்கிறது. ஜீஸ் பெண்ட் போர்வைகள் 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்குச் சென்றன, 2006இல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் ஏறின. மிஸூரி பெட்வேயின் போர்வை இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் குழந்தையின் துணி போர்வையாகிறது என்றால், இந்தியாவில் பழந்துணி எதிர்த்திசையில், பெரியவர்களிடமிருந்து குழந்தைக்குப் பயணிக்கும். வங்காளத்துக் காந்தாவிலும் பீகாரின் சுஜனியிலும் பெரியவர்களின் பழைய புடவையும் வேட்டியும் அடுக்கித் தைக்கப்பட்டுப் பிறந்த குழந்தையின் மேல் வரும். வடகன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வையில் பழைய புடவையை விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கி, கிழிசல் துண்டுகளைச் சுற்றிச் சுற்றி வைத்து நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நெருங்கிய ஓட்டுத் தையலே அதற்குப் பலமும் அழகும். நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்து வைக்கும் துண்டுக்குப் பூ என்றே பெயர். அமெரிக்கக் குழந்தைப் போர்வை தைப்பவர்கள் இவர்களிடம் கற்கவேண்டிய ஒன்று உண்டு. அங்கே மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்ற மூன்றையும் இயந்திரத்தில் நெருக்கி அடித்து, பல சமயம் போர்வையை விறைப்பாக்கிவிடுகிறார்கள். கையால் ஓடிய தையல் துணியை இறுக்காமல் பிடித்துக்கொள்கிறது. குழந்தையின் சட்டையாக இருந்தபோது இருந்த மென்மை போர்வையிலும் இருந்தால்தான் தைத்ததில் அர்த்தம்.

யாருக்காக இந்த நினைவு? தாய்க்கு என்பது சட்டென்று வரும் பதில். கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக லண்டனில் 1741இல் திறந்த ஃபவுண்ட்லிங் இல்லத்தின் பதிவேடுகளைப் பார்த்தால் அதுதான் உண்மை என்று தோன்றும். ஒப்படைக்கப்பட்ட குழந்தையின் தாளோடு ஒரு துண்டுத் துணியைக் குத்திவைப்பார்கள். பெரும்பாலும் குழந்தையின் உடுப்பிலிருந்தே கத்தரித்தது. தாய் திரும்பி வந்தால் அடையாளம் சொல்ல அது உதவும். 1767இல் வந்த ஒரு ஆண் குழந்தையோடு வைத்திருப்பது ஒட்டுத்துணியின் பாதி. சிவப்பு நூலால் போட்ட இதயமும் பாதிதான். அந்தத் தாய் 1775இல் வந்து மகனை மீட்டுக்கொண்டாள். அப்படி வந்தவர்கள் மிகச் சிலர்: 1741 முதல் 1760 வரை சேர்ந்த 16,282 குழந்தைகளில் 152 பேர்தான் மீட்கப்பட்டார்கள். மற்றத் துண்டுகள் இன்று பதினெட்டாம் நூற்றாண்டுச் சாமானியர்களின் துணிக்குச் சான்றாகப் பயன்படுகின்றன. எந்தப் பூப்போட்ட துண்டு எந்தக் கையை மூடியிருந்தது என்று சொல்லத் தாய்க்கு மட்டுமே தெரியும். அவள் இல்லாதபோது அது வெறும் மாதிரித் துணி.

நினைவுப் போர்வை தைப்பவர் தாண்டவேண்டிய இடம் இதுதான். தாய்க்கு எந்தச் சதுரமும் போதும், யானையைக் கண்டாலே அவளுக்கு எல்லாம் வந்துவிடும். போர்வை போய்ச் சேரவேண்டியது மகனுக்கோ மகளுக்கோ. அவர்களுக்கு அந்தச் சட்டைகளில் ஒன்றுகூட ஞாபகமில்லை. ஞாபகமே இல்லாத ஒருவர் தொட்டுப் படிக்கக் கூடியது தோள் மடிப்பும், தேய்ந்த முட்டியும், நாலு விரல் நுழையாத கைமுனையும்தான். அவற்றை விட்டுவைத்த போர்வையை யாரும் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கவேண்டியதில்லை.

அதனால்தான் இப்படி ஒன்றைத் தைத்துவிட்டுக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு மாட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. பஞ்சு உள்ளே இருப்பது குளிருக்கு. பிள்ளை அதை இழுத்துப் போர்த்தட்டும், அழுக்காக்கட்டும், தையல் விட்ட இடத்தில் இன்னொரு ஒட்டு விழட்டும். மிஸூரி பெட்வேயின் போர்வை அருங்காட்சியகத்துக்காகத் தைத்ததல்ல. சுவரில் ஏறும் தகுதியை அது போர்த்திப் படுத்துத்தான் சம்பாதித்தது.