கோல் போடாதவனையும் பாருங்கள்

பசறை, லுணுகலை, தெமோதரை என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்தில் எழுவர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடந்தாலும், அதிக கோல் போட்ட பையனின் பெயர்தான் லயம் லயமாகப் பரவும். வலய மட்டத்துக்கோ மாகாண மட்டத்துக்கோ ஆள் எடுக்கும்போதும் "எத்தனை கோல் அடிச்சான்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், திறமையுள்ள பையன்கள் சிலரை ஒரே பிற்பகலில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

ஐரோப்பிய அணிகள் இன்று முன்கள வீரரை எடைபோடும்போது எக்ஸ்ஜி (எதிர்பார்க்கப்படும் கோல்) என்ற கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்கின்றன. 2012இல் ஒப்டா நிறுவனத்தின் சாம் கிரீன் எழுதிய பின் பரவலாகப் பேசப்பட்ட கணக்கு இது. 2017இல் பிபிசியின் 'மேட்ச் ஒஃப் த டே' நிகழ்ச்சியிலும் இடம்பிடித்தது. கோலை நோக்கி அடிக்கப்படும் ஒவ்வோர் உதைக்கும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பு கொடுப்பார்கள். எவ்வளவு தூரம், எந்தக் கோணம், காலால் அடித்ததா தலையால் முட்டியதா, பந்து எப்படி வந்து சேர்ந்தது என்று பார்த்து, முன்பு அதே மாதிரி அடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான உதைகளில் எத்தனை கோலாயின என்பதிலிருந்து அந்த மதிப்பு வருகிறது. தண்ட உதைக்கு ஏறக்குறைய 0.78. பெட்டிக்கு வெளியே இருந்து அடிக்கும் சாதாரண உதை நூற்றில் மூன்று நான்கு தடவைதான் வலைக்குள் போகும்.

2021–22 பிரீமியர் லீக்கில் முகமட் சலாவும் சொன் ஹியுங்மின்னும் தலா 23 கோல் போட்டுத் தங்கக் காலணியைப் பகிர்ந்துகொண்டார்கள். சலாவின் கோல்களில் 5 தண்ட உதையில் வந்தவை. சொன்னுக்கு அப்படி ஒன்றுகூட இல்லை. நம் நாட்டுக் கதையும் உண்டு. 2021 ஜூன் 5ஆம் திகதி, உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் இலங்கை லெபனானிடம் 2–3 என்று தோற்றது. இரண்டு கோலையும் போட்டவர் வசீம் ராசிக். அவற்றில் ஒன்று தண்ட உதை. அவருடைய ஆற்றலை இது கொஞ்சமும் குறைக்காது. ஆனால் முன்கள வீரரை அளக்க வரும்போது தண்ட உதையைத் தனியாக எழுதிவைக்க வேண்டும்.

இப்போது பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்தில் தெரிவு நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பையன் தூரத்திலிருந்து இரண்டு தடவை ஓங்கி அடிக்கிறான், இரண்டும் கோல். இன்னொருவன் காப்பாளருக்கு முன்னால் சரியான நேரத்தில் ஓடிவந்து, தலா 0.3 மதிப்புள்ள ஐந்து வாய்ப்புகளைப் பிடிக்கிறான். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. எல்லோரும் முதலாமவனைத் தோளில் தூக்குவார்கள். கணக்குப் போட்டால், இரண்டாமவன் பிடித்த வாய்ப்புகளின் மதிப்பு ஒன்றரைக் கோல். அப்படிப்பட்ட ஐந்தும் தவறிப்போவது ஏறக்குறைய ஆறில் ஒரு தடவை நடக்கக்கூடியது. அந்த ஒரு தடவை தெரிவு நாளாக அமைந்துவிட்டால் அவன் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. தூரத்து உதைகள் அடுத்த வாரமும் வலைக்குள் போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் நல்ல இடத்துக்கு ஓடிவரும் பழக்கம் அடுத்த வாரமும் பையனிடம் இருக்கும். சொன் போல எதிர்பார்ப்பைத் தாண்டி வருடக்கணக்கில் கோல் போடும் கால்கள் உண்டுதான். அதைக் கண்டுகொள்ள நூற்றுக்கணக்கான உதைகள் வேண்டும். ஒரு பிற்பகல் போதாது.

ஐரோப்பாவின் எண்களை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தோட்டத்து மைதானத்தில் வைக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மலையை வெட்டிச் சமப்படுத்திய தரை. ஒரு பக்கம் மண்மேடு; மறுபக்கம் எல்லையைத் தாண்டினால் பந்து தேயிலைக்குள் உருண்டுவிடும், எடுத்துவரச் சின்னப் பையன்கள் ஓடுவார்கள். கோல் சிறியது. சரிவின் பக்கம் அடிக்கும் அணிக்கு இரண்டாம் பாதியில் வேறு கணக்கு. மழை பெய்து சேறானால் தரையோடு வரும் பந்து பாதியிலேயே நின்றுவிடும். ஆகவே நமக்கு நம் எண்கள் வேண்டும்.

அதற்குக் கணினி தேவையில்லை, ஒரு அப்பியாசக் கொப்பி போதும். ஆட்டத்துக்கு ஒரு பக்கம். அதில் கோலையும் பெட்டியையும் வரைந்து, உதை அடித்த இடத்தில் ஒரு புள்ளி. பக்கத்தில் பையனின் இலக்கம், காலா தலையா, குறுக்கே எதிரணிக்காரன் நின்றானா என்று எழுதினால் போதும். கோலானால் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். ஒரு பருவம் முழுக்க நாலைந்து தோட்டங்கள் இப்படி எழுதிச் சேர்த்தால், எங்கிருந்து அடித்தால் எத்தனைக்கு ஒன்று உள்ளே போகிறது என்பது நம் மைதானத்தைப் பொறுத்தவரை தெரிய ஆரம்பிக்கும்.

இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்ட் கழகம் பெரிய பணமில்லாமல் இரண்டாம் பிரிவில் இருந்தபோது இத்தகைய எண்களை நம்பித்தான் வீரர்களைத் தேடியது. 2017இல் நான்காம் பிரிவு எக்ஸெட்டர் சிட்டியிலிருந்து ஒல்லி வொட்கின்ஸை எடுத்தது. அவர் பின்னர் இங்கிலாந்து தேசிய அணிக்கே ஆடினார். பிரென்ட்ஃபோர்ட் 2021இல் பிரீமியர் லீக்குக்கு ஏறியது. யாரும் போய்ப் பார்க்காத மைதானங்களில் தேடுகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு அதிகம் உதவும். ஊவாவின் தோட்டங்களுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கொப்பியில் இன்னொரு நிரலும் போடுங்கள்: அந்த வாய்ப்புக்குப் பந்தைக் கொடுத்தது யார் என்று. ஓரத்தால் ஓடிவந்து பந்தைக் குறுக்கே தள்ளிவிடும் பையனுக்கு எந்தச் சுற்றுப்போட்டியிலும் கிண்ணம் கிடைப்பதில்லை. தெரிவு நாளில் கோல் கணக்கோடு, யார் எங்கிருந்து அடித்தார், யார் பந்தைக் கொடுத்தார் என்ற இரண்டு குறிப்புகளையும் மேசையில் வைக்கும்படி பொறுப்பாசிரியர்களும் பயிற்றுநர்களும் கேட்க வேண்டும்.