சுவைஞர் மதிப்புரையும் திறனாய்வு நெறியும்

ஒரு கலைப் படைப்பைக் கண்டு மகிழ்வார் பலர். கண்டதனைப் பிறர்க்கு எடுத்துரைப்பார் சிலர். எடுத்துரைத்ததற்குக் காரணம் காட்டுவார் மிகச் சிலர். இறுதியிற் கூறப்பட்டாரைத் திறனாய்வாளர் என வழங்குகின்றோம். இடையில் நிற்பாரைச் சுவைஞர் என்றும், அவர் எழுதுவதை மதிப்புரை என்றும் கொள்ளலாம். சுவைஞர் மதிப்புரை திறனாய்வுக்கு முதற்படியா, அன்றி அதற்குப் புறம்பானதா என்னும் வினாவிற்குக் கிடைத்ததொரு சான்றினைக் கொண்டு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சான்று இரண்டு குறிப்பேடுகள். தாம்பரத்திற்குத் தெற்கே, பெருங்களத்தூரை அடுத்துப் பெருஞ்சாலை ஓரமாய் அமைந்த ஊர் பீர்க்கன்கரணை. பேரூராட்சியாய் இருந்த அவ்வூர் 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியொடு இணைந்தது. அங்கு வாழும் இளைஞர் ஒருவர், ஜப்பானியர் வரைந்தியக்கும் அனிமே தொடர்களையும், கணினி விளையாட்டுகளையும் பற்றித் தாம் எழுதிவந்த மதிப்புரைகளை யாம் படிக்கத் தந்தார். அவர் தமிழ் இலக்கியம் பயின்றவர் அல்லர், பொறியியல் மாணவர். அவர் தமக்கையார் எம்மிடம் முதுகலை பயில்பவராதலின் அவர் வழியாக ஏடுகள் எம் கைக்கு வந்தன. தம் பெயர் வெளிவரலாகாது என்பது இளைஞரின் விருப்பம். ஆதலின் அவரைச் சுவைஞர் என்றே ஈண்டுக் குறிப்போம்.

மதிப்புரைகள் யாவும் ஓர் ஒழுங்கில் அமைந்துள்ளன. முதலில் படைப்பின் பெயரும் அது வெளிவந்த ஆண்டும். பின்னர்க் கதை, ஓவியம், இசை என்னும் தலைப்புகள். விளையாட்டாயின் 'ஆட்டம்' என நான்காவதொன்று. முடிவில் பத்துக்கு இத்துணை என்னும் மதிப்பெண். பெரும்பாலானவை ஒரு பக்க அளவின.

இத்தகைய எழுத்தைக் கண்டவுடன் தமிழ்த்துறையினர்க்கு இருவகை மனப்போக்கு எழுதல் கூடும். சிறுவர் காணும் படத்திற்கும் ஆடும் ஆட்டத்திற்கும் ஆய்வு எதற்கு என்பது ஒன்று. இவற்றின் இலக்கணமெல்லாம் தொல்காப்பியத்துள் முன்னரே உள்ளது என்று கூறி மனநிறைவு கொள்வது மற்றொன்று. முதலது படைப்பைப் பாராமலே தள்ளுகின்றது. இரண்டாவது பாராமலே கொள்ளுகின்றது. இரண்டும் ஒருவகைச் சோம்பலே. யாம் குறிப்பேட்டிலிருந்து இரு மதிப்புரைகளை எடுத்து, அவை கூறும் படைப்புகளையும் கண்டு, ஒப்புநோக்கி எழுதுகின்றோம்.

முதலாவது, 'டீமன் ஸ்லேயர்' என்னும் தொடரைச் சார்ந்த திரைப்படம் பற்றியது. கொயொஹாரு கொதோகே என்பார் 2016 முதல் 2020 வரை வரைந்து வெளியிட்ட, 23 தொகுதிகள் கொண்ட சித்திரக் கதை இதற்கு மூலம். யூஃபோடேபிள் நிறுவனத்தார் 2019-இல் அதனை அனிமே தொடராக்கினர். கரி விற்றுக் குடும்பம் காக்கும் தான்ஜிரோ என்னும் சிறுவன் வீடு திரும்புகையில் தன் குடும்பத்தார் அரக்கனாற் கொலையுண்டு கிடக்கக் காண்கின்றான். எஞ்சிய தங்கை நெசுகோ அரக்கியாய் மாறிவிட்டாள். அவளை மீண்டும் மானிடப் பெண்ணாக்க வழி தேடி அவன் அரக்கரொடு பொருவதே கதை. இத்தொடரின் 'இன்ஃபினிட்டி காசில்' என்னும் திரைப்படம் 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் இந்தியாவில் தமிழ்க் குரலொடும் வெளிவந்தது. சுவைஞர் அதனைத் தாம்பரத்தை அடுத்த திரையரங்கொன்றிற் கண்டுள்ளார்.

அவர் ஓவியத்தையும் இசையையும் மனமாரப் புகழ்கின்றார். ஆயின் கதைக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகின்றார். அகாசா என்னும் அரக்கனொடு நிகழும் போரின் இறுதியில் அவனது முற்கதை நெடிது விரிகின்றது. அது போரின் விரைவைத் தடுத்துவிட்டது என்பது அவர் காட்டும் காரணம். காரணம் காட்டியமையின் இது வெறும் விருப்பு வெறுப்பு அன்று, ஆராய்தற்கு உரியது.

அகாசா மனிதனாய் இருந்த காலத்தில் அவன் பெயர் ஹகுஜி. நோயுற்ற தந்தைக்கு மருந்து வாங்கப் பணமின்றிக் களவு செய்து, குற்றவாளி என்னும் பச்சைக்குறி கைகளிற் பெறுகின்றான். தன்பொருட்டு மகன் களவு செய்தல் ஆற்றாத தந்தை உயிரை மாய்த்துக்கொள்கின்றார். பின்னர் மற்போர் ஆசான் ஒருவர் அவனை ஏற்று, நோயாளியாகிய தம் மகள் கொயுகியைப் பேணும் பொறுப்பை அளிக்கின்றார். அவள் நலம்பெற, இருவர்க்கும் மணம் உறுதியாகின்றது. அந்நிலையில் பகைவர் கிணற்றில் நஞ்சிட, ஆசானும் மகளும் இறந்துபடுகின்றனர்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நிலைக்களனாக நான்கு கூறினார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுதல் இளிவு. தந்தை தாய் முதலாயினாரை இழத்தல் இழவு. முன்னைய நன்னிலை கெட்டுத் தளர்தல் அசைவு. ஹகுஜியின் கதையில் இந்நான்கும் ஒருங்கே வருகின்றன. இதனால் ஜப்பானியர் தொல்காப்பியம் கற்றனர் என்பது கருத்தன்று. மாந்தர் அழுதற்குரிய காரணங்கள் எங்கும் ஒருதன்மையவாய் இருத்தலின், அவற்றை வகுத்த நூல் பிறநாட்டுக் கதைக்கும் கருவியாகின்றது என்பதே கருத்து. கருவி வேறு, முடிவு வேறு. நான்கும் உள எனக் காட்டிய அளவிற் கதை சிறந்தது என்பது பெறப்படாது. சுவைஞரின் குறைபாட்டுரைக்கு விடை படத்தினுள்ளேதான் இருத்தல் வேண்டும்.

அவ்விடை உளது. தான்ஜிரோ அகாசாவின் தலையை வெட்டி வீழ்த்திய பின்னும் அவன் அழியவில்லை. தலையற்ற உடல் மேலும் பொரத் தொடங்குகின்றது. அரக்கனாகியபோது மறந்துபோன பழைய வாழ்வு அந்நிலையில் அவன் நினைவிற்கு மீளுகின்றது. நினைவு மீண்டவன் தன் ஆற்றலைத் தன்மேலேயே செலுத்தி மாய்கின்றான். எனவே, வாளால் முடியாத போரை முடித்தது நினைவே. முற்கதை போரைத் தடுத்தது எனச் சுவைஞர் கருதியது பொருந்தாது. முற்கதையே போரின் இறுதி நிகழ்ச்சி. இஃது அவர் அறியாததும் அன்று. அதே குறிப்பேட்டில், தொடரின் தொடக்கப் பகுதிகளுள் வரும் ரூயி என்னும் சிலந்தி அரக்கனைப் பற்றி எழுதுகையில், இறந்துபட்ட அவன் ஆடையைக் கியூ என்னும் வீரன் மிதித்து நிற்க, அடியை எடுக்குமாறு தான்ஜிரோ வேண்டும் இடத்தை அவர் தனித்தெடுத்துப் பாராட்டியுள்ளார். பகைவன்பால் இரக்கமே இக்கதையின் உயிர் என்பதை அவர் கண்டுகொண்டார்; ஆயினும் தாம் கண்டதைப் பிறிதோர் இடத்திற்குக் கொண்டுசெல்லவில்லை.

சுவைஞர் எமக்குக் கற்பித்த செய்தியும் ஒன்று உண்டு. தான்ஜிரோவின் இளையோர் அவனை 'நீச்சான்' என விளிப்பர். அம்முறைப்பெயர் ஆங்கிலத் துணையுரையில் இயல்பாக நில்லாது, தமிழில் 'அண்ணா' என ஒரு சொல்லில் அமைந்துவிடும் என்று அவர் குறிக்கின்றார். மூத்தோரைப் பெயரிட்டு அழையாத வழக்கு இரு மக்களுக்கும் பொது. ஆங்கிலத்தின் வழியாகத் தமிழாக்குவோர் அவ்வழியில் இழந்துபோவதை, மூலத்தை நேரே நோக்குவார் மீட்டல் கூடும். மொழிபெயர்ப்பாராய்ச்சி செய்வார்க்கு இஃது உதவும் குறிப்பாகும்.

இனி இரண்டாவது மதிப்புரை. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனத்தார் 2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள் வெளியிட்ட விளையாட்டு 'வெண்பா'. முதற்படைப்பிற்கென வழங்கப்பெறும் பாஃப்டா பரிசினை 2024-இல் அது பெற்றது. 1980-களில் கனடாவிற் குடியேறிய வெண்பா, பாவலன் என்னும் தமிழ் இணையரும், ஆங்குப் பிறந்த மகன் கவினும் கதைமாந்தர். யாப்பின் பெயரைத் தலைவிக்கும் புலவன் பெயரைத் தலைவனுக்கும் இட்ட விளையாட்டு இது. மகனோ, பள்ளியில் தன் பெயரைக் 'கெவின்' என்று மாற்றிக்கொள்ள முற்படுகின்றான்.

இதில் பகை இல்லை, படை இல்லை. வெண்பாவின் தாய் எழுதிய சமையற் குறிப்பேடு சிதைந்துள்ளது. விடுபட்ட இடங்களை உய்த்துணர்ந்து, இட்டலி முதலாய உணவுகளைச் சமைத்து முடிப்பதே ஆடுவார் செய்ய வேண்டுவது. முறை பிறழ்ந்தால் உணவு கெடும், மீண்டும் தொடங்கலாம். வளர்ந்த கவின் பின்னர் அவ்வேட்டைக் கையில் எடுக்கும்போது, தமிழ் எழுத்தே அவனுக்குத் தடையாகிவிடுகின்றது.

சுவைஞர் இதற்கு அளித்தது பத்துக்கு ஆறு. ஆட்டம் எளிது, இரண்டு மணி நேரத்திற்குள் முடிந்துவிடுகின்றது, போட்டி இல்லை என்பன குறைகள். ஆனால், ஒரு பக்கத்திற்கு மேல் எழுதாத அவர் இதனைப் பற்றி நான்கு பக்கம் எழுதியுள்ளார். அவற்றுள் இரு பக்கம் விளையாட்டைப் பற்றியனவே அல்ல. இட்டலித் தட்டுகளை அடுக்கும் இடத்தில் வழி தெரியாது நின்ற அவர், ஆட்டத்தை நிறுத்தி, அடுக்களைக்குச் சென்று அன்னையாரை வினவியுள்ளார். ஒரு தட்டின் குழிக்கு நேர்மேலே அடுத்த தட்டின் குழி வரலாகாது. வந்தால் இட்டலி நசுங்கும், ஆவியும் சுற்றி வராது என்று அவர் விளக்கியிருக்கின்றார். நாள்தோறும் உண்டும் அதனை ஒருபோதும் கண்டதில்லை என்பதைச் சுவைஞர் வெட்கத்தொடு எழுதுகின்றார். பின்னர்த் தம் பாட்டியார் சமையலைப் பற்றி அன்னையார் கூறியவை தொடர்கின்றன. அதன் கீழே 'கதை 7, ஓவியம் 8, இசை 8, ஆட்டம் 3' என்று எழுதி, ஆறு என முடித்துவிட்டார்.

இவ்விரு பக்கங்களைப் படித்தபோது எமக்கு உ. வே. சாமிநாதையர் நினைவிற்கு வந்தார். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிடுமுன் அவர் சமணக் கருத்துகள் விளங்காத இடங்களிற் குடந்தைச் சமணரிடம் சென்று கேட்டறிந்தார். ஏடு விடுத்த இடத்தை, அவ்வாழ்வை வாழ்வார் வாய்மொழி நிரப்பியது. 'வெண்பா' விளையாட்டு ஆடுவாரைப் பதிப்பாசிரியர் நிலையில் நிறுத்துகின்றது. ஏடு சிதைந்துள்ளது, படித்தறிய ஒருவன் முயல்கின்றான், தன்னால் இயலாவழி அறிந்தாரை நாடுகின்றான். கவின் எத்தடையில் நிற்கின்றானோ அத்தடையிலேயே பீர்க்கன்கரணை இளைஞரும் நின்றார். தமிழ்நாட்டிற் பிறந்து வளர்ந்த அவர்க்கும் இடையில் ஓர் ஏடு சிதைந்திருந்தது. அதனை அவர்க்கு உணர்த்தியது 'ஆட்டம் 3' என்று அவர் மதிப்பிட்ட பகுதியே. படிப்பாரும் காண்பாரும் செய்யவியலாத ஒன்றை ஆடுவாரைச் செய்வித்தல் இக்கலையின் தனித்தன்மை. அத்தன்மை போட்டியின் கடுமையில் இல்லை. செயலுக்கும் கதைக்கும் உள்ள பொருத்தத்தில் உளது.

எனவே, சுவைஞரின் குறை அவர் சுவையில் இல்லை, மதிப்பெண்ணில் உளது. பக்கங்கள் ஒன்று கூற, எண் பிறிதொன்று கூறுகின்றது. எண்ணை எழுதியவுடன் வினா முடிந்துவிடுகின்றது. தமக்கு ஏன் நான்கு பக்கம் தேவைப்பட்டது என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ளவில்லை. அக்கேள்வியே திறனாய்வின் தொடக்கம். இக்குற்றத்தை அவர்மேல் மட்டும் சார்த்துதல் நேர்மையன்று. காப்பிய நயம், கதைக்கோப்பு, பாத்திரப் படைப்பு எனத் தலைப்பிட்டு, ஒவ்வொன்றற்கும் சில வரி எழுதி, நூல் சிறந்தது என முடிக்கும் ஆய்வேடுகளை யாமும் ஏற்று மதிப்பெண் இட்டு வருகின்றோம். அவற்றுள் அடுக்களைக்குச் சென்று கேட்டறிந்த பக்கம் எத்துணை?

தமிழ்த்துறை செய்யவேண்டுவது என்னை? சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரைகண்ட அடியார்க்கு நல்லார், தம் முன்னிருந்த இசை நாடக நூல்களை ஆராய்ந்து, யாழும் குழலும் அரங்கும் பற்றிய சொற்களுக்குப் பொருள் விரித்தார். கூத்து எமக்குப் புறம்பானது என்று அவர் ஒதுங்கவில்லை. இன்றைய வரைபடக் கலைக்கும் ஆட்டக் கலைக்கும் அவ்வாறு உரை எழுதுவார் தேவை. அவர்க்கு வேண்டிய முதற் சான்றுகளை இக்குறிப்பேடுகள் போல்வன தருகின்றன. சுவைஞர் மதிப்புரை திறனாய்வு அன்று. ஆயினும் அதற்குப் புறம்பும் அன்று. உரையாசிரியன் விளக்கவேண்டிய மெய்ப்பாடு முதலில் நிகழும் இடம் அது.

இக்கட்டுரையின் முதற்படியைச் சுவைஞர்க்கு அனுப்பினோம். 'வெண்பா' பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை. அகாசா பற்றிய எம் முடிவை மட்டும் மறுத்தெழுதினார். தொடராயின் ஒரு பகுதியில் நிறுத்தி மறுநாள் முற்கதையைக் காணலாம்; இரண்டரை மணி நேரத்திற்கு மேற்பட்ட படத்தில் அவ்விடைவெளி இல்லை; ஆதலின் நினைவு போரை முடிப்பது உண்மையாயினும் அது வந்த அளவு மிகை என்பது அவர் வாதம். நூலின் வடிவத்தொடு அது வெளிப்படும் இடத்தையும் நோக்கவேண்டும் என்னும் இக்கருத்தை யாம் எண்ணியிருந்தோமல்லோம். எம் முடிவு முற்றும் மாறவில்லை எனினும், 'பொருந்தாது' என்று மேலே எழுதியதை இப்போது எழுதினால் 'முற்றும் பொருந்தாது' என்றே எழுதுவோம். மறுப்பில் அவர் மதிப்பெண் எதுவும் குறிக்கவில்லை.