ஜமா சேர்க்கும் வித்தை

வட ஆர்க்காட்டுப் பக்கத்தில் கூத்தாடுகிறவர்களின் குழுவுக்கு ஜமா என்று பெயர். நன்றாக வேஷம் கட்டுகிற ஒருவனை இன்னொரு ஜமாக்காரர்கள் முன்பணம் கொடுத்து இழுத்துக்கொள்வதும், முகவீணைக்காரர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டதால் பாரதக் கூத்து நடுவிலேயே தடுமாறிப் போவதும், இந்தப் பிரதேசத்தில் பிறந்தவர்கள் சிறு வயதிலிருந்தே காதில் வாங்கிப் பழகிய சமாசாரங்கள். உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த அந்தச் சொல்லை, ஜோலார்பேட்டையிலும் வெளியூர்களிலுமாக உட்கார்ந்துகொண்டு சனிக்கிழமை இரவுகளில் கணினித் திரையில் நாங்கள் ஏழு பேர் ஆடிவரும் ஓர் ஆட்டத்துக்கு முதலில் விளையாட்டாகத்தான் வைத்தோம். மூன்று வருஷங்களுக்குப் பிறகு யோசித்துப் பார்க்கும்போது அதைவிடப் பொருத்தமான சொல் அகப்படவில்லை.

அது என்ன ஆட்டம் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்று வாயால் சொல்வார்கள். முடிவு சந்தேகமாக இருக்கிற இடங்களில் பகடை உருளும். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 1974ஆம் வருஷம் ஆயிரம் பிரதிகளாக அச்சிட்டு வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகையில் முதல் நூல். அதற்கு முன்பே, 1963இல், ‘டிப்ளமசி’ என்ற ஆட்டத்தைத் தபாலில் ஆடத் தொடங்கிவிட்டார்கள் என்பதால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆடுவது இணையம் வந்த பிறகு பிறந்த பழக்கம் என்று நினைப்பதற்கில்லை. பிரபலமான விதிநூல் எதையாவது வைத்துக்கொண்டு ஆடுகிறவர்களுக்கு ஆள் பஞ்சம் கிடையாது. 2012இல் வந்த ‘ரோல்20’ போன்ற தளங்களில் அவர்களுக்குக் கட்டம் போட்ட பலகை, படம், கணக்கு எல்லாம் தயாராக இருக்கும். நாலு பேருக்கு மட்டுமே தெரிந்த ஒரு விதிநூலின் மேல் ஆசை வைத்துவிட்டவன் பாடுதான் கஷ்டம். நான் படித்த வரையில் இத்துறையைப் பற்றி எழுதுகிறவர்கள் விதிகளின் நயத்தைப் பக்கம் பக்கமாக ஆராய்கிறார்களே ஒழிய, அந்த விதிகளுக்கு ஆள் பிடித்து, பிடித்த ஆளைக் கலையாமல் வைத்துக்கொள்ளும் வித்தையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

நாங்கள் ஆசை வைத்தது ‘எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்’ என்ற நூலின் மேல். 1975இல் வெளிவந்த அதை எழுதியவர் எம்.ஏ.ஆர். பார்க்கர் என்ற அமெரிக்க மொழியியல் பேராசிரியர். 1929இல் பிறந்து, வாலிபத்தில் இந்தியாவுக்கு வந்து, இஸ்லாத்தைத் தழுவி, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசியத் துறையில் ஆசிரியராக இருந்தவர். உருது கற்பிக்க அவர் தயாரித்த பாடநூல் அந்தத் துறை மாணவர்களுக்கு நன்கு தெரிந்தது. அவர் கற்பனை செய்த தேக்குமேல் என்ற உலகத்தில் ஐரோப்பியக் கோட்டையும் குதிரைவீரனும் இல்லை. குதிரையே கிடையாது, இரும்பு அபூர்வம். குலம், கோயில், பதவி, மரியாதை ஆகியவற்றால் இழை இழையாகப் பின்னப்பட்ட சாம்ராஜ்யம் அது. பாத்திரங்கள் படகில் ஜக்கல்லா என்ற துறைமுகத்தில் வந்து இறங்கும் அந்நியர்கள். ஊருக்குள் போக அனுமதியில்லாமல் அந்நியர் குடியிருப்பில் அடைந்து கிடந்து, மரியாதை தவறாமல் நடந்து காட்டித்தான் மெல்ல மெல்ல மேலே வர வேண்டும். அந்நாட்டு மொழியில் முன்னிலைக்கு மட்டும் டஜன் கணக்கில் பதங்களை அவர் உண்டாக்கி வைத்திருக்கிறார் என்று வாசித்தபோது, எங்களில் ஒருவரான வாணியம்பாடி பாய் வாய்விட்டுச் சிரித்தார். வீட்டில் ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என்றும், வெளியே ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’, ‘தாங்கள்’ என்றும் நாள் முழுக்க எடை போட்டுப் பேசுகிறவருக்கு அது கற்பனையாகவே தோன்றவில்லை.

பக்கத்து ஜில்லாவின் பெயரையும் இங்கே சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் பாலிகானப்பள்ளியில் 1997இல் தொடங்கிய சாந்தி பவன் உறைவிடப் பள்ளியின் நிர்வாகத்தில் இருக்கும் அஜித் ஜார்ஜ், இந்த ஆட்டத்துறையிலும் பெயர் பெற்ற எழுத்தாளர். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வரிசையில் 2021இல் வந்த ஒரு நூலுக்காகக் காலகேரி என்ற இந்தியச் சாயல் கொண்ட நாட்டை எழுதியவர் அவர். அதற்கு அடுத்த வருஷம், வெள்ளையர் அல்லாத எழுத்தாளர்கள் எழுதிய 13 கதைகளைக் கொண்ட ‘ரேடியன்ட் சிட்டடல்’ தொகுதி உருவாகவும் காரணமாக இருந்தார். நம் மண்ணுக்கும் இத்துறைக்கும் அவ்வளவு கிட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஆனால் அது பெரிய கடைவீதியின் கதை. எங்களுடையது சந்துக் கடை.

சந்துக் கடைக்கு முதல் சங்கடம் நேரம். ஜோலார்பேட்டை சந்திப்பு ஊர். சென்னையிலிருந்து வரும் தடம் இங்கே பெங்களூருக்கும் சேலத்துக்குமாகப் பிரிகிறது, ஊரில் பாதிப் பேருக்கு நேரம் என்றால் ரயில் நேரம். எங்களில் ஒருவர் ரயில்வேயில் வண்டியோடு போகிற ரன்னிங் ஸ்டாஃப். எப்போது ‘கால்’, அதாவது வேலைக்கு அழைப்பு, வரும் என்று அவருக்கே தெரியாது. பாய்க்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் தம்பிக்குக் கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் வாரங்களில் ஓவர்டைம். டாலஸில் இருக்கும் மருமகனுக்கு நம் சனி இரவு ஒன்பது மணி, அங்கே காலை பத்தரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவிட்டால் ஒன்பதரை. எல்லோருக்கும் சௌகரியமான நேரம் என்று ஒன்றைத் தேடி இரண்டு மாதம் வீணடித்த பிறகு, நால்வர் வந்தால் ஆட்டம் நடக்கும், வராதவருடைய பாத்திரம் படகுக்குக் காவல் இருக்கும் என்று முடிவு செய்தோம். பார்க்கரே தம் வீட்டில் வியாழக்கிழமை இரவு என்று நாளைக் குறித்துப் பல வருஷங்கள் நடத்தினார் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

இரண்டாவது சங்கடம் நூல். ஏழு பேரில் அதை முழுக்கப் படித்தவர் ஒருவர். அவரை நாங்கள் கூத்து வழக்கப்படி வாத்தியார் என்கிறோம். பலம், புத்தி, தேக உறுதி, மனோசக்தி, லாகவம், வடிவழகு என்ற ஆறு குணங்களுக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று பகடை போட்டு எழுத வேண்டும். தாயக்கட்டை இரண்டும் அதற்கு உதவாது என்பதால், எண்ணைத் தானே எடுத்துத் தரும் ஒரு நிரலிடம் அந்த வேலை போயிற்று. கட்டை உருளும் சத்தம் கேட்காத ஆட்டத்தில் தோற்றவனுக்கு ஆறுதல் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் விதி தெரிந்தவர் ஒருவரே என்பதைக் குறையாக நினைத்திருந்த நான், அதுவே ஜமாவைக் கட்டி வைத்த கயிறு என்பதைப் பிறகு கண்டேன். எல்லோரும் படித்த நூலில் ஆளாளுக்கு வக்கீலாகிவிடுகிறார்கள். வாய்மொழியாகக் கேட்டு அறிய வேண்டிய நூலில், கேட்பதற்காகவே வந்து உட்கார்கிறார்கள்.

மூன்றாவதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஆம்பூர் அண்ணன், டேனரியில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஜக்கல்லா துறைமுகத்தில் இறங்கிய அன்று, வாயிற்காவலனாகப் பேசிய வாத்தியார் (வயதில் அண்ணனுக்கு மகன் மாதிரி) கதையின் நியதிப்படி “டேய், எங்கிருந்துடா வர்றே?” என்று கேட்டுவிட்டார். அண்ணன் பதில் சொல்லவில்லை. மைக்கை அணைத்தார், அடுத்த இரண்டு சனிக்கிழமைகள் வரவும் இல்லை. இதற்கு மேல்நாட்டு உபாயங்கள் உண்டு. ஆட்டத்துக்கு முன்பே எது வேண்டும், எது வேண்டாம் என்று பேசி முடிக்கும் ‘செஷன் ஜீரோ’ ஒன்று. சங்கடப்பட்டவர் தொட்டதும் காட்சியை நிறுத்திவிட ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் வகுத்த, பெருக்கல் குறி போட்ட அட்டை மற்றொன்று. இரண்டும் நல்லவை. ஆனால் “அண்ணே, உங்களை டேய் என்று கூப்பிடலாமா?” என்று முன்கூட்டியே கேட்கும் தைரியம் எங்களில் எவருக்கு இருக்கிறது?

வழி சொன்னவர் ரயில்வே நண்பர்; அவருடைய தாத்தா கூத்தில் கட்டியக்காரன் வேஷம் கட்டியவர். கூத்தில் ராஜா நேரே வந்து நிற்பதில்லை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து பாடி, ஆடி, கட்டியக்காரன் யார் என்று கேட்க, இன்னார் என்று சொல்லிய பிறகுதான் திரை விலகும். அதற்குப் பிறகு கட்டியக்காரன் துரியோதன மகாராஜாவை என்ன கிண்டல் செய்தாலும், பகலில் அந்த ராஜா ஊரில் மதிப்புள்ள பெரியவராக இருந்தாலும், எவருக்கும் கோபம் வராது. திட்டு வேஷத்தின் மேல் விழுகிறது, ஆளின் மேல் அல்ல. எங்களுக்கு அரிதாரமும் கிரீடமும் இல்லை, திரை மட்டும் இருந்தது. ஆகவே ஒவ்வொரு இரவும் எல்லோரும் காமிராவை மூடிக்கொண்டு, வாத்தியார் “யாருப்பா அது, திரைக்குப் பின்னாலே?” என்று கேட்க, ஒவ்வொருவராகத் தம் பாத்திரத்தின் பேர், குலம், போன வாரம் பட்ட பாடு ஆகியவற்றைச் சொல்லிக்கொண்டு காமிராவைத் திறந்து பிரவேசிப்பது என்று ஏற்பாடு செய்தோம். முன்கதைச் சுருக்கமும், வருகைப் பதிவும், மைக் சோதனையும் இதிலேயே முடிந்துவிட்டன என்பது உபரி லாபம். மூன்றாம் சனியன்று அண்ணன் வந்தார். தம் பிரவேசத்தை ராகம் இழுத்தே சொன்னார். காவலனின் “டேய்”க்கு அவர் கொடுத்த பதிலை இங்கே அச்சிட முடியாது.

2022இல் வேறொரு செய்தி வந்தது. பார்க்கர் 1991இல் புனைபெயரில் ஒரு நாஜி ஆதரவு நாவலை எழுதியிருந்தார் என்று, அவருடைய ஆக்கங்களைப் பராமரிக்கும் தேக்குமேல் ஃபவுண்டேஷனே ஒப்புக்கொண்டது. இதை அறிந்தபின்னும் அவருடைய உலகத்தில் உலாவலாமா என்று ஓர் இரவு முழுக்க, பகடை தொடாமல், விவாதித்தோம். டாலஸ் மருமகன் விலகிவிடலாம் என்றார். பாய், ஆசான் கெட்டவன் என்பதால் கற்ற மொழியை மறந்துவிட முடியுமா என்று கேட்டார். ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. அவர் வகுத்த சாம்ராஜ்யத்தை விட்டுவிட்டு, அந்நியர் குடியிருப்பை மட்டும் எங்கள் போக்கில் வளர்த்துக்கொள்வது என்று ஆட்டம் தானாகவே திரும்பிக்கொண்டது. அங்கே இப்போது ஒரு தோல் மண்டி இருக்கிறது. அதன் கணக்குப் புத்தகம் நூலில் இல்லாதது, அண்ணன் எழுதியது.

போன சனிக்கிழமை ரயில்வே நண்பருக்குக் கால் வந்துவிட்டது. படகுக்குக் காவல் என்று எழுதிக்கொண்டு தொடங்கினோம். வாத்தியார் வழக்கம்போலத் திரைக்குப் பின்னால் யார் என்று கேட்டு முடித்தபோது, ஈரோடு ரன்னிங் ரூமிலிருந்து ஒரு குரல்பதிவு வந்து விழுந்தது. தூக்கக் கலக்கத்தில் ஒரு வரி. பின்னால் ஒரு விசிறியின் சத்தம். அதற்கும் பின்னால் எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று அறிவிக்கும் பெண்குரல். “படகுல தண்ணி ஏறுது, சீக்கிரம் வாங்க” என்று சொல்லியிருந்தார். அப்படி ஒரு நிகழ்ச்சி வாத்தியாரின் குறிப்பில் இல்லை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, பிறகு எல்லோரையும் துறைமுகத்துக்கு ஓடச் சொன்னார்.