பாலைநிலத்து நீர்க்கரையில் கட்டணமில்லாக் கூடாரம்

அமெரிக்காவின் மேற்கே, ஸியரா நெவாடா மலைத்தொடருக்கும் யூட்டாவின் வாஸாச் மலைகளுக்கும் நடுவே விரிந்து கிடக்கும் கிரேட் பேசின் என்னும் மேட்டுப் பாலைப் பிரதேசத்தில் ஓடும் நதிகள் கடலைக் காண்பதில்லை. பசிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் மேகங்களை ஸியரா மலை மறித்துவிடுவதால், பல இடங்களில் ஆண்டு மழை 10 அங்குலத்தை எட்டுவதில்லை. சிகரங்களின் பனி உருகி இறங்கும் ஜலமோ, ட்ரக்கி என்றும் வாக்கர் என்றும் ஹம்போல்ட் என்றும் பெயர் பூண்டு ஓடி, ஏதேனும் ஒரு பள்ளத்தில் ஏரியாகத் தேங்கி, வெயிலில் ஆவியாய் மறைகிறது. இந்நாட்டின் பொதுநிலங்களில், பிரயாணி ஒருவர், யாரிடமும் இடம் கேளாமலும் ஒரு காசும் செலுத்தாமலும், தமக்கு உகந்த ஓரிடத்தில் கூடாரமடித்து இரவைக் கழிக்கலாம். குழாயும் கழிப்பறையும் காவலாளும் இல்லாத இவ்வழக்கத்தின் மேன்மையையும் குறையையும் எடைபோட்டுப் பார்ப்பதே இங்கு நம் நோக்கம்.

வழக்கம் என்றேனாயினும், அதன் பின்னே சட்டம் நிற்கிறது. நெவாடா மாகாணத்தின் பரப்பில் ஏறத்தாழ 80 சதவீதம் மத்திய அரசாங்கத்துக்கு உரியது. அதில் பெரும்பகுதியைக் கவனித்துவருவது 1946-இல் உருவான பொதுநில நிர்வாக இலாகா. நாடு முழுவதிலுமாக 24 கோடி ஏக்கருக்கு மேல் அதன் பொறுப்பில் இருக்கிறது. மேய்ச்சலுக்கும் சுரங்கத்துக்கும் மட்டுமன்றி மக்களின் உல்லாசத்துக்கும் அந்நிலம் பயன்படவேண்டும் என்பதை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. பொதுவாக, 28 நாட்களுக்குள் ஓரிடத்தில் 14 நாட்கள்வரை தங்கலாம். பிறகு வேறிடம் பெயரவேண்டும். நம் ஊர்ப் புறம்போக்கை நினைவூட்டும் இந்நிலத்தை எவரும் வேலியிட்டுத் தமதாக்கிக்கொள்ளாதிருக்க இந்த விதி ஒன்றே போதும் என்று அதை வகுத்தவர்கள் கருதியிருக்கவேண்டும்.

இவ்வழக்கத்தின் முதற்சிறப்பு, அது ஏழையையும் செல்வரையும் ஒரே மண்ணில் படுக்கவைக்கிறது என்பதே. தங்குமிடங்கள் மாதக்கணக்கில் முன்பதிவாகி, விடுதி வாடகை உயர்ந்துகொண்டே போகும் இக்காலத்தில், வார முடிவில் தூண்டிலுடன் புறப்படும் தொழிலாளியும், ஓய்வூதியத்தில் காலந்தள்ளும் முதியவரும், நாடோடியாய்த் திரியும் இளைஞரும், வானமே கூரையாய் விரிந்த ஓர் ஏரிக்கரையில் உரிமையோடு தங்கக்கூடும் என்பது அற்ப விஷயமன்று. ஒளிமாசு தீண்டாத அந்த உயர்நிலத்து இரவில் பால்வெளியைக் கண்ட ஒருவர், அந்தப் பேற்றுக்குச் சீட்டு விற்கவேண்டும் என்று மனமொப்பிச் சொல்வாரா என்பது சந்தேகமே.

ஆனால் இவ்வேற்பாட்டின் ஆதாரக் கொள்கையிலேயே, நீருள்ள இடத்தை அணுகும்போது, ஒரு முரண்பாடு தோன்றுகிறது. மக்கள் ஓரிடத்தில் குவியாமல் எங்கும் சிதறித் தங்குவார்கள், ஆகவே நிலம் தாங்கும் என்பதே இதன் நியாயம். பாலையிலோ நீர் சிதறிக் கிடப்பதில்லை. எத்தனையோ மைல் உவர்நிலத்தையும் சேஜ் புதர்களையும் கடந்து வருபவர் யாவரும் அந்த ஒற்றை நீர்விளிம்பையே நாடுகின்றனர். லட்சக்கணக்கான ஏக்கர் வெறிச்சோடிக் கிடக்க, சில நூறு கெஜக் கரையில் வண்டிகள் நெருங்கி நிற்கின்றன. ஆகவே, சிதறலை நம்பி வகுத்த விதி, எங்கே மிகவும் வேண்டப்படுகிறதோ அங்கேயே பொய்த்துப்போகிறது.

விளைவுகளை வறட்சி பன்மடங்காக்குகிறது. ஈரமும் நுண்ணுயிர்களும் நிறைந்த காட்டு மண்ணில் விரைவில் மக்கிப்போகும் மனிதக் கழிவு, இங்கே நெடுங்காலம் மக்காமல் கிடக்கிறது. அதனால்தான் குழி தோண்டிப் புதைக்கவேண்டும், நீரிலிருந்து 200 அடியாவது விலகவேண்டும் என்று அறிந்தோர் வற்புறுத்துகின்றனர். பாசியும் காளானும் நீலப்பசும் நுண்ணுயிர்களும் சேர்ந்து மணலைப் பிணைத்து உருவாக்கும் மெல்லிய மேலோடு, ஒரு சக்கரம் ஏறியதும் நொறுங்கி, மறுபடி கூடிவரப் பல பத்தாண்டுகள் பிடிக்கின்றன. சீட்கிராஸ் என்னும் அந்நியப் புல் புகுந்த இடங்களில், அணையாத அடுப்பின் ஒரு பொறி பல மைல் சேஜ் வெளியைச் சாம்பலாக்கிவிடும். அதன்பின் அங்கே முதலில் முளைப்பதும் அந்தப் புல்லே. இவை யாவற்றினும் என் மனத்தை வருத்துவது வேறொன்று. அந்தியில் நீருண்ண வரும் கொம்புமான், கரை நெடுகிலும் விளக்கும் நாயும் கண்டு, தாகத்தோடு திரும்பிப் போகிறது. விலங்குகளும் கால்நடைகளும் நீரை அணுகமுடியாதபடி நீர்நிலையிலிருந்து 100 கெஜத்துக்குள் முகாமிடுவதை நெவாடா மாகாணச் சட்டம் குற்றமாக்கியிருப்பது மிகவும் போற்றத்தக்கது. ஆயினும், அதை நினைவூட்டவேனும் ஆளில்லாத கரையில் சட்டத்தால் என்ன பயன்?

இதற்குப் பரிகாரம் கட்டணம் விதிப்பதே என்பார் உளர். அவர்களோடு என்னால் உடன்படமுடியவில்லை. கட்டணம் ஏழையை விலக்குமேயன்றி அசட்டையைத் திருத்தாது. பணம் செலுத்தியவர், துப்புரவு பிறர் கடமை என்று எண்ணவும் இடமுண்டு. காசு வாங்காமலே கட்டுப்பாடு விதிக்கலாம் என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. ஆரெகன் மாகாணத்து ஓவைஹீ நதியில் படகேறுபவர்கள், நெருப்புக்கான தட்டையும், எடுத்துச் செல்லத்தக்க கழிப்பறையையும் கொண்டு சென்று, சாம்பலோடு சகலத்தையும் திரும்ப எடுத்து வந்தாகவேண்டும். படகில் சாத்தியமான இது மோட்டார் வண்டியில் அசாத்தியமாகிவிடாது. விட்னி சிகரத்தின் அடிவாரத்திலுள்ள அலபாமா குன்றுகள், 2019-இல் தேசிய எழிற்பகுதியாகச் சட்டத்தின் காப்பைப் பெற்றபின், குறித்த இடங்களில் மட்டும், கட்டணமில்லாத அனுமதிச் சீட்டோடு தங்கும் முறைக்கு வந்தன. கண்ட இடத்தில் தங்கும் பழைய சுதந்திரம் அங்கே குறைந்துவிட்டது என்று சிலர் வருந்துகிறார்கள். அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் நீர்க்கரைகளுக்கும் அத்தகைய ஏற்பாடே தகும் என்று நினைக்கிறேன். கரையிலிருந்து விலகிய இடங்களைக் கல் நட்டுக் காட்டி, கரையை இரவில் விலங்குகளுக்கு விட்டுவிடவேண்டும். நீரில்லாத எஞ்சிய பெருவெளியில் பழைய வழக்கம் தடையின்றித் தொடரட்டும்.

மற்றொரு கேள்வியையும் நாம் தவிர்க்கலாகாது. பொதுநிலம் என்பது எவருடைய நிலமாக இருந்தது? அதே அலபாமா குன்றுகளை அடுத்த ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் வாய்க்கால் வெட்டிக் காட்டுக் கிழங்குகளுக்கு நீர் பாய்ச்சி வாழ்ந்த பைய்யூட் என்னும் பூர்வகுடி மக்களில் ஏறத்தாழ ஆயிரம் பேரை 1863-இல் படைவீரர்கள் தெஹோன் கோட்டைக்கு நடத்திச் சென்றனர். பின்னர் அப்பள்ளத்தாக்கின் நதியையும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் விலைக்கு வாங்கி, 1913-இல் கால்வாய் வழியே கொண்டுபோயிற்று. வடக்கே பிரமிட் ஏரி, பைய்யூட் குலத்தாரின் ஒதுக்கீட்டு நிலத்துக்குள்ளேயே முழுவதும் அடங்கியது. 1905-இல் கட்டிய டெர்பி அணை ட்ரக்கி நதியின் நீரைப் பாசனத்துக்குத் திருப்பியதால் ஏரி 80 அடிக்கு மேல் தாழ்ந்தது. அங்கே வாழ்ந்த பெரிய ட்ரவுட் மீனினமும் அந்த ஏரியிலிருந்து அற்றுப்போயிற்று. அதனை மீட்டுக்கொண்டுவர அக்குலத்தார் நெடுங்காலம் பாடுபட்டிருக்கின்றனர். இன்று அந்தக் கரையில் தங்க அவர்களிடம் சீட்டுப் பெற்றுக் கட்டணம் செலுத்தவேண்டும். அவர்கள் புனிதமாகக் கருதும் சில பாறைப் பகுதிகளுக்கு எவரும் செல்லவே கூடாது. பக்கத்துப் பொதுநிலத்தில் இலவசமாய்ப் படுத்துப் பழகியவர்கள் இதைக் குறைகூறும்போது, கட்டணத்தை வெறுக்கும் நான் அவர்கள் பக்கம் நிற்கமாட்டேன். ஏனெனில் அது வழிப்போக்கரிடம் அரசாங்கம் வசூலிக்கும் வரியன்று, தம் வீட்டு வாயிலில் வந்து நிற்கும் விருந்தாளியிடம் வீட்டுக்காரர் விதிக்கும் நிபந்தனை. அந்த வீட்டின் நீரை ஒரு நூற்றாண்டுக் காலம் பிறர் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.